ஒரே தோட்டத்து ஒயின்: மலை உயரமும் மூத்த கொடியும் என்ன செய்கின்றன?

சிவப்பு ஒயின் புட்டி ஒன்றின் லேபிளில் மூன்று தகவல்கள் சேர்ந்து வருவதுண்டு. பழம் முழுக்க இன்ன பெயருள்ள ஒரே தோட்டத்திலிருந்து வந்தது. கொடிகள் 1920களில் நட்டவை. தோட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே தயாரிப்பாளரின் சாதாரணப் புட்டியைவிட விலை பல மடங்கு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டு "உயர்ரகம்" என்று படித்துவிட்டுப் போவதுதான் புதிதாக வருபவர்கள் செய்கிற முதல் தவறு. மூன்றுக்கும் மூன்று வேலை. உயரம் பழத்துக்குள் இருக்கும் புளிப்பையும் நிறத்தையும் மாற்றுகிறது. கொடி நல்ல வருஷத்திலும் கெட்ட வருஷத்திலும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வயது மாற்றுகிறது. ஒரே தோட்டம் என்ற நிபந்தனை பழத்தைத் தொடுவதே இல்லை. அது ஒயின் செய்பவரின் கையைக் கட்டிப்போடுகிறது. எது எந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், காசு எதற்குப் போகிறது என்பதும் தெரியும்.

உயரம்

ஒயின் ஆகும் கறுப்புத் திராட்சையில் பெரும்பாலான ரகங்களைப் பிதுக்கினால் வருவது நிறமில்லாத சாறுதான். சிவப்பு நிறம் தோலிலிருந்து வருகிறது. துவர்ப்பு, அதாவது டானின், தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. அதனால் சிவப்பு ஒயினைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் தோலைப் பற்றிப் பேசுவதுதான். உயரம் கைவைப்பதும் அங்கேதான்.

மலையில் 100 மீட்டர் ஏறினால் சராசரி வெப்பம் சுமார் 0.6 டிகிரி செல்சியஸ் குறையும். அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கிழக்குச் சமவெளித் தோட்டங்கள் சுமார் 650 மீட்டரில் இருக்கின்றன. ஆண்டீஸ் மலையடிவாரத்தில், ஊக்கோ பள்ளத்தாக்கின் குவால்டஷாரி பகுதியில் 1,400 மீட்டரிலும் தோட்டங்கள் இருக்கின்றன. 750 மீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 4.5 டிகிரி. ஒரே மாகாணம், ஒரே மால்பெக் ரகம். ஆனால் கொடி வாழ்வது வேறு ஒரு தட்பவெப்பத்தில். அந்த ஊர் ஒயின் தயாரிப்பாளர் நிக்கோலாஸ் கத்தேனா 1992இல் ஏறக்குறைய 1,450 மீட்டரில் ஏட்ரியானா தோட்டத்தை நட்டபோது அங்கே சிவப்புத் திராட்சை பழுக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. இன்று அந்த நாட்டின் மிகப் பேர்பெற்ற தோட்டங்களில் அதுவும் ஒன்று.

பகலைவிட இரவுதான் முக்கியம். திராட்சையில் இரண்டு பெரிய அமிலங்கள் உண்டு: டார்டாரிக், மாலிக். டார்டாரிக் அவ்வளவு எளிதில் கரைந்து போகாது. மாலிக் அமிலத்தைப் பழம் பழுக்கும் காலத்தில் தன் சுவாசத்துக்கு எரிபொருளாகச் செலவழிக்கிறது. வெப்பம் கூடினால் செலவும் கூடும். இரவு குளிர்ந்தால் அந்தச் செலவு பெரிதும் குறைந்துவிடும். பகலில் 28 டிகிரி, இரவில் 10 டிகிரி என்று இறங்கும் இடத்தில் பழம் பகலெல்லாம் சர்க்கரை சேர்க்கும், இரவில் புளிப்பைக் காப்பாற்றிக்கொள்ளும். வெயில் ஊரில் விளைந்தும் குடிக்கும்போது வாய் ஊறுகிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது வெயிலின் கூர்மை. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. கொடிக்கு நகர்ந்து நிழலுக்குப் போக வழியில்லை. அதனால் பழத்தின் தோலில் ஃபிளேவனால் என்னும் வெயில் காப்புப் பொருள்களையும் நிறமிகளையும் கூடுதலாகச் சேர்க்கிறது, தோல் தடிக்கிறது. காற்றும் வறட்சியும் சேர்ந்தால் திராட்சை மணி சிறுத்துப்போகும். சிறிய மணியில் சாற்றின் அளவோடு ஒப்பிட்டால் தோல் அதிகம். நிறமும் துவர்ப்பும் கூடுவது அப்படித்தான்.

அறுவடைக்கு முன் ஒரு மணியை வாயில் போட்டுப் பார்ப்பது இதையெல்லாம் நேராகக் காட்டும். முதலில் சதையைச் சப்பி விழுங்க வேண்டும். இனிப்பும் புளிப்பும் அதில் தெரியும். தோலை மட்டும் ஒதுக்கிப் பத்துப் பதினைந்து தடவை மென்று, விரலில் எடுத்துத் தேய்த்தால் கருஞ்சிவப்பு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் நிறமி இன்னும் தோலை விட்டு இறங்கத் தயாராகவில்லை. கடைசியில் விதை. பச்சையாக, சதை ஒட்டிக்கொண்டு, கடித்தால் கசந்தால் காத்திருக்க வேண்டும். பழுப்பு நிறத்தில், வறுத்த கொட்டை மாதிரி நொறுங்கினால் பறிக்கலாம். மலைத் தோட்டங்களில் வரும் சிக்கல் இந்த மூன்றும் ஒரே நாளில் வந்து சேராததுதான். வெயில் கூர்மையால் சர்க்கரை வேகமாக ஏறிவிடும், குளிரால் விதை பின்தங்கும். விதைக்காகக் காத்திருந்தால் ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தாண்டும். சர்க்கரையைப் பார்த்துப் பறித்தால் பச்சைக் காம்பை மென்ற மாதிரி துவர்க்கும். நல்ல மலை ஒயினுக்கும் சுமாரான மலை ஒயினுக்கும் இடையே பெரும்பாலும் நிற்பது இந்தப் பறிப்பு நாள்தான்.

லேபிளில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். உயரம் அட்சரேகையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். அர்ஜென்டினாவின் வடக்கே, நிலநடுக்கோட்டுக்கு இன்னும் நெருங்கிய சால்டா மாகாணத்தில் கொலொமே நிறுவனத்தின் ஆல்டுரா மாக்ஸிமா தோட்டம் 3,111 மீட்டரில் இருக்கிறது. அங்கே பழம் பழுக்கிறது. சிசிலியின் எட்னா எரிமலையில் 1,000 மீட்டரே பெரிய உயரம். ஜெர்மனியில் 400 மீட்டருக்கு மேல் சிவப்புத் திராட்சை பழுக்கப் போராட வேண்டியிருக்கும். எனவே 1,000 மீட்டர் என்று தனியாகச் சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது. எந்த நாட்டில், எந்தச் சரிவில் என்பதும் வேண்டும்.

உயரத்துக்குக் கொடுக்கும் விலையும் உண்டு. வசந்தத்தில் பச்சைத் தளிர் வந்த பிறகு உறைபனி இறங்கினால், மைனஸ் 2 டிகிரி அளவிலேயே தளிர் கருகும். அந்த வருஷக் காய்ப்பில் பெரும்பகுதி அன்றைக்கே போய்விடும். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து ஓடும். அதனால் ஒரே தோட்டத்திலேயே மேட்டு வரிசை தப்பிக்கும், பள்ளத்து வரிசை கருகும். கவாத்தைத் தாமதமாகச் செய்தால் தளிர் விடுவதும் சில நாள் தள்ளிப்போகும். செலவில்லாத தற்காப்பு அதுதான். மெண்டோசாவில் ஆலங்கட்டி மழை இன்னொரு பயம். அதற்காக வரிசைகள் மேல் வலை கட்டுகிறார்கள். காலை வெயில் படும் பக்கத்தில் மட்டும் இலை கிள்ளி, மாலை வெயில் பக்கத்தில் இலையை விட்டுவைக்க வேண்டும். இரண்டு பக்கமும் கிள்ளினால் மேற்குப் பக்கத்து மணிகள் வெந்து பழுப்பேறும். அந்த ஒயினில் வெயிலில் வாடிய உலர்திராட்சை வாசனை அடிக்கும்.

கொடியின் வயது

எத்தனை வயதானால் மூத்த கொடி? நீண்ட காலமாக இதற்குப் பொது விடை இருந்ததில்லை. சர்வதேசத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பு 2024இல் ஒரு வரையறை தந்தது: 35 வருஷமும் அதற்கு மேலும் ஆன கொடி மூத்த கொடி, ஒரு தோட்டத்தின் கொடிகளில் குறைந்தது 85 சதவீதம் அப்படி இருந்தால் அது மூத்த தோட்டம். ஆஸ்திரேலியாவின் பரோஸா ஒயின் பகுதி 2009இலேயே தன் கொடிகளை 35, 70, 100, 125 வயது என நான்கு படிகளாகப் பிரித்துக்கொண்டது. ஆனால் பிரெஞ்சு லேபிளில் வரும் "வியெய் வீன்" (மூத்த கொடி) என்ற சொல்லுக்கோ, அதே பொருளில் அமெரிக்க லேபிளின் "ஓல்டு வைன்" என்ற சொல்லுக்கோ சட்ட வரையறை இல்லை. 25 வயதுக் கொடிக்கும் அதை எழுதலாம். மூன்று தகவல்களில் அதிகம் துஷ்பிரயோகம் ஆவது வயதுதான். நட்ட வருஷத்தைப் போடாத லேபிளை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள்.

இளங்கொடிக்கும் மூத்த கொடிக்கும் உள்ள வித்தியாசத்தை அடிமரத்தில் பார்க்கலாம். பத்து வயதுக் கொடிக்கு இன்னும் மெல்லிய தண்டுதான். நூறு வயதுக் கொடி முறுக்கிப் பிழிந்த மாதிரி, தொடையளவு கனத்து, சில இடங்களில் நடுவே பொந்து விழுந்து, ஒரு பக்கப் பட்டை மட்டும் உயிரோடு இருக்கும். அந்தப் பழைய மரத்திலும் வேரிலும் மாவுச்சத்தும் நைட்ரஜனும் சேமிப்பாக இருக்கின்றன. வசந்தத்தில் இலை வருவதற்கு முன் கொடி இதிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறது. வேரும், மண் இடம் கொடுத்தால், ஆழமாகப் போயிருக்கும். அதனால் வறண்ட வாரத்தில் இலை சட்டென்று வாடாது, அறுவடைக்கு முன் ஒரு மழை பெய்தால் மணி சட்டென்று உப்பாது. மண் இடம் கொடுத்தால் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கடினமான சுண்ணாம்புப் பாறை ஒன்றரை மீட்டரில் குறுக்கே படுத்திருந்தால் நூறு வருஷமானாலும் வேர் அதற்குமேல் இறங்காது.

மூத்த கொடி குறைவாகக் காய்க்கும், அதனால்தான் ருசி செறிவு என்று சொல்வது பாதி உண்மை. குறைந்த காய்ப்புக்கு வயது மட்டும் காரணமல்ல. தண்டைத் தின்னும் பூஞ்சை நோய், இலைச்சுருள் வைரஸ், நடுநடுவே செத்துப்போன கொடிகள் எல்லாம் சேர்ந்துதான் விளைச்சலைக் குறைக்கின்றன. வைரஸ் பிடித்த கொடி குறைவாகக் காய்த்தும் சர்க்கரை ஏறாமல் வெளிறிய பழத்தைத் தரலாம். குறைவு வேறு, சமநிலை வேறு. நல்ல மூத்த தோட்டம் தருவது சமநிலையை: இலைப்பரப்பும் குலை எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று ஏற்றாற்போல் நின்றிருக்கும், மனிதர் குறுக்கிட வேண்டிய தேவை குறையும்.

மூத்த தோட்டத்துக்கு இன்னொரு மதிப்பு உண்டு, அதைத்தான் நாம் முதலில் வைப்போம். நர்சரியிலிருந்து ஒரே குளோனை, அதாவது ஒரே தாய்க்கொடியின் நகல்களை, வாங்கி நடுவது பரவலாவதற்கு முன், பக்கத்துத் தோட்டங்களில் நல்லதாகத் தெரிந்த பல கொடிகளிலிருந்து குச்சி வெட்டி நட்டார்கள். அதனால் பழைய மால்பெக் தோட்டத்தில் ஒவ்வொரு கொடியும் கொஞ்சம் வேறு: ஒன்றின் குலை நெருக்கம், இன்னொன்றின் குலை தளர்வு, ஒன்று நான்கு நாள் முன்னே பழுக்கும், இன்னொன்று பின்னே. நடுநடுவே வேறு ரகங்களும் கலந்திருக்கும். ஒரே குளோனில் இல்லாத பல அடுக்குச் சுவை இதிலிருந்து வருகிறது. பிடுங்கிப் போட்டால் திரும்பக் கிடைக்காத சொத்து அது. அர்ஜென்டினாவில் 1980களில் சந்தை சரிந்தபோது பழைய மால்பெக் பெரும்பரப்பில் பிடுங்கப்பட்டது. இன்று நிற்பவை அதில் தப்பியவை.

பல மூத்த கொடிகள் சொந்த வேரில் நிற்பவை. 1860களில் பிரான்ஸில் வெளிப்பட்ட ஃபிலாக்செரா, அசுவினிக்கு உறவான ஒரு நுண்பூச்சி, வேரை உறிஞ்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. அதன் பிறகு அமெரிக்கத் திராட்சை வேரில் ஐரோப்பிய ரகத்தை ஒட்டுக்கட்டுவது வழக்கமாயிற்று. ஆனால் மணல் மண்ணில் அந்தப் பூச்சி பிழைக்காது. எட்னாவின் எரிமலை மணலிலும் மெண்டோசாவின் மணற்பாங்கான சில இடங்களிலும் ஒட்டுக்கட்டாத கொடிகள் தப்பியிருப்பது அதனால்தான்.

செத்த கொடிக்குப் பதில் என்ன வைப்பது? நர்சரிச் செடியை அங்கே நட்டால் இருபக்கத்து மூத்த வேர்களும் தண்ணீரைப் பறித்துக்கொள்ளும். பல செடிகள் முதல் கோடையிலேயே காய்ந்துபோகும். பதியம் போடுவதுதான் பழைய வழி. பக்கத்துக் கொடியின் நீண்ட குச்சி ஒன்றை வெட்டாமல் வளைத்து, 30, 40 செ.மீ. ஆழத்தில் புதைத்து, நுனியை வெற்றிடத்தில் மேலே எடுத்துக் கட்டுகிறார்கள். தாய்க்கொடி ஊட்டிக்கொண்டே இருக்க, புதைந்த பகுதி வேர் விடும். இரண்டு மூன்று வருஷம் கழித்துத் தொப்புள்கொடியை அறுப்பதுபோல இடையில் வெட்டிவிடலாம். ஒட்டுக்கட்டிய தோட்டத்தில் இதைச் செய்யக் கூடாது: பதியம் விடும் வேர் ஐரோப்பிய ரகத்தின் வேர், ஃபிலாக்செரா இருந்தால் அது முதல் இரையாகும்.

கவாத்திலும் மூத்த கொடி மன்னிக்காது. தடித்த பழைய கிளையை அடியோடு ஒட்ட வெட்டினால் காயத்திலிருந்து உள்ளே மரம் காய்ந்துகொண்டே போகும். பூஞ்சையும் அந்த வழியாகத்தான் நுழையும். ஒரு சிறு முண்டு விட்டு, மழையில்லாத நாளில், குளிர்காலத்தின் பிற்பகுதியில் வெட்டி, பெரிய காயத்துக்கு மேல்பூச்சு தடவ வேண்டும்.

ஒரே தோட்டம்

சாதாரண ஒயின் பல தோட்டங்களின் கலவை. ஒன்றில் நிறம் குறைந்தால் இன்னொன்று ஈடுகட்டும். ஒன்றில் புளிப்பு போனால் மேட்டுத் தோட்டத்து ஒயின் கொஞ்சம் சேர்ப்பார்கள். கலப்பதில் இழிவு எதுவும் இல்லை, அது தனித் திறமை. ஒரே தோட்டத்து ஒயினில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அந்த வருஷம் அந்த நிலம் கொடுத்ததுதான் புட்டிக்குள் போகும். எனவே சுமாரான தோட்டத்தைத் தனியாகப் புட்டியில் அடைத்தால் கிடைப்பது சுமாரான ஒயினும் ஒரு பெயரும் மட்டுமே.

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் தோட்டப் பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 95 சதவீதம் அந்தத் தோட்டத்துப் பழம் வேண்டும். ஸ்பெயினின் ரியோஹா ஒயின் பகுதி 2017இல் "வினியேதோ சிங்குலார்" என்ற வகையைக் கொண்டுவந்தது: கொடிக்கு 35 வயது, கையால் பறிப்பு, சிவப்புக்கு ஹெக்டேருக்கு 5,000 கிலோவுக்கு மேல் விளைச்சல் கூடாது. எட்னாவில் "கான்ட்ராடா" என்னும் சிற்றிடப் பெயர்களை லேபிளில் போடலாம். ஆனால் ஒரு கான்ட்ராடாவுக்குள் பலருடைய நிலங்கள் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அர்ஜென்டினாவில் 2013இல் தனிப்பகுதியாக அங்கீகாரம் பெற்ற பராஹே ஆல்டமிராவும் அப்படித்தான், பல தோட்டங்கள் அடங்கிய பகுதி. "எஸ்டேட்" என்று எழுதியிருப்பது உரிமையாளரின் சொந்த நிலத்துப் பழம் என்பதைத்தான் சொல்கிறது. அவருக்கு ஐந்து தோட்டங்கள் இருந்தால் ஐந்தும் அதில் இருக்கலாம்.

கணக்கைப் பார்த்தால் விலையின் காரணம் புரியும். ஒரு ஹெக்டேரில் 5,000 கொடிக்கு இடம், 1,000 செத்துவிட்டன. மிச்சம் 4,000 கொடி, கொடிக்கு முக்கால் கிலோ, மொத்தம் 3,000 கிலோ. கிலோவுக்கு 0.65 லிட்டர் ஒயின் என்றால் 1,950 லிட்டர், அதாவது 2,600 புட்டி. ஒரு புட்டிக்குக் கொடி ஒன்றரை. தண்ணீர் தாராளமாகப் பாயும் சமவெளித் தோட்டத்தில் ஒரே கொடி மூன்று நான்கு புட்டிக்குப் பழம் தரும்.

அந்த 1,950 லிட்டர், 225 லிட்டர் பீப்பாயில் எட்டும் கொஞ்சமும். இங்கேதான் வெளியே தெரியாத ஒரு தொல்லை. பீப்பாயில் இருக்கும் ஒயின் மரத்தின் வழியே மெல்ல ஆவியாகி மட்டம் இறங்கும். இறங்கிய இடத்தில் காற்று நிற்கும், காற்று நின்றால் வினிகர் பாக்டீரியா வளரும். வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விளிம்பு வரை ஊற்றி நிரப்ப வேண்டும். எதை ஊற்றி? அதே தோட்டத்து ஒயினைத்தான். அதற்காகச் சில பெரிய கண்ணாடிக் குடுவைகளிலும் சின்னப் புட்டிகளிலும் அதே ஒயினை முதல் நாளிலேயே முழுசாக நிரப்பி ஒதுக்கி வைக்கிறார்கள். ஒதுக்க மறந்தவர் வேறு தோட்டத்து ஒயினை ஊற்றுவார், அல்லது பீப்பாயைக் குறையாக விடுவார். எட்டில் ஒரு பீப்பாய் வினிகராகிப் போனால் அந்த வருஷத்தில் எட்டில் ஒரு பங்கு போயிற்று. கலந்து மறைக்க இடமில்லை.

புதிய ஓக் பீப்பாய் இன்னொரு பொறி. முழுக்கப் புதுப் பீப்பாயில் 18 மாதம் வைத்தால் வனிலா, புகை, வறுத்த காப்பி வாசனை முன்னே வந்து நிற்கும், தோட்டம் பின்னே போய்விடும். தோட்டத்தைக் காட்டுவதற்காகத்தான் தனியாக அடைத்தோம் என்றால் இது முன்னுக்குப் பின் முரண். பலர் 500 லிட்டர் பெரிய பீப்பாய்க்கும், ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாய்க்கும், சிமென்ட் தொட்டிக்கும் மாறியிருப்பது சரியான திசை என்பதே நம் கருத்து.

வாங்கும்போதும் திறக்கும்போதும்

லேபிளிலோ தயாரிப்பாளரின் தகவல் தாளிலோ நான்கு எண்களைத் தேடுங்கள்: தோட்டத்தின் பரப்பு, நட்ட வருஷம், உயரம், அடைத்த புட்டிகளின் எண்ணிக்கை. பிறகு ஒரு வகுத்தல். இரண்டு ஹெக்டேர் மூத்த தோட்டம், 40,000 புட்டி என்றால், புட்டிக்கு 1.15 கிலோ வீதம் ஹெக்டேருக்கு 23 டன். மூத்த கொடி அவ்வளவு காய்க்காது. ஏதோ ஒரு எண் தவறு.

முதல்முறை சுவைப்பதற்குத் தனியாக ஒரு புட்டி வாங்குவதைவிட, ஒரே தயாரிப்பாளர், ஒரே ரகம், ஒரே வருஷத்தில் பல தோட்டங்களைக் கலந்த புட்டி ஒன்றும் ஒரே தோட்டத்துப் புட்டி ஒன்றும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றுவது பத்து மடங்கு கற்றுத்தரும். இரண்டும் 16 முதல் 18 டிகிரியில் இருக்கட்டும். 24 டிகிரி அறையில் வைத்துக் குடித்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும், மலைக் குளிரின் வேலை எதுவும் தெரியாது. விழுங்கிய பிறகு கன்னத்தின் உட்பக்கம் எச்சில் ஊறுகிறதா என்று பாருங்கள், அது புளிப்பு. ஈறும் மேலுதடும் எப்படி உலர்கின்றன என்று கவனியுங்கள்: மணல்தாள் மாதிரி உரசினால் விதை பழுக்கவில்லை, வெல்வெட் துணியைத் தடவிய மாதிரி மெல்லிய உலர்வு என்றால் தோலின் டானின். சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று நான்கு வயதுப் புட்டி முதலில் வாயை மூடிக்கொண்டிருக்கும். வாயகன்ற குடுவையில் ஒரு மணி நேரம் ஊற்றி வைக்கலாம். பத்து வயதைத் தாண்டிய புட்டியில் நிறமியும் டானினும் சேர்ந்து அடியில் மண்டியாகப் படிந்திருக்கும். அதை முதல் நாளே நிமிர்த்தி வைத்து, திறந்தபின் சாய்த்த கையை நிமிர்த்தாமல் ஒரே வீச்சில் ஊற்றி, கழுத்தில் மண்டி வரும்போது நிறுத்துங்கள். பழைய ஒயினைக் காற்றில் நெடுநேரம் வைக்காதீர்கள், வாசனை அரை மணியில் போய்விடலாம். இளம் புட்டியில் மிஞ்சியதைக் கார்க்கால் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் எடுத்து, அரை மணி வெளியே வைத்துவிட்டு மறுபடி சுவையுங்கள். ஓக்கின் வாசனை கொஞ்சம் அடங்கி, பழமும் புளிப்பும் முன்வந்து நிற்பதைப் பல புட்டிகளில் அன்றைக்குத்தான் பார்ப்பீர்கள்.